துணைவர் இருக்கும் இடமே தெரியாதபோது விவாகரத்து மனுத் தாக்கல் செய்வது எப்படி: பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் என்று பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பெண்ணுக்குச் சுற்றத்தார் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "ஏழு வருஷம் பொறுத்துக்கொள்ளம்மா, அப்புறம் கல்யாணம் தானாகவே செல்லாமல் போய்விடும்." இந்த ஆறுதலில் இரண்டு தவறுகள் உள்ளன. ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் திருமணம் தானாக முறிவதும் இல்லை. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாத துணையை விட்டு மறுமணம் செய்துகொண்டவரை, அந்த உண்மையைப் புதிய துணையிடம் மறைக்காமல் சொல்லியிருந்தால், இருதார மணக் குற்றத்திலிருந்து சட்டம் விலக்குகிறது. ஆனால் அந்த விலக்கு சிறைத் தண்டனையிலிருந்து மட்டுமே காப்பாற்றும். பழைய துணை உயிரோடு இருப்பது தெரியவந்தால், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் செய்துகொண்ட இரண்டாவது திருமணம் இந்து திருமணச் சட்டத்தின்படி செல்லாததாகிவிடும். இதை அறியாமல் மறுமணம் செய்துகொண்டு பின்னர் தவித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

என் உறவுக்காரப் பெண் ஒருவருக்காகச் சித்தையா சாலையிலுள்ள நியாய தேகுலா கட்டடத்துக் குடும்ப நீதிமன்றத்துக்கு வாய்தா தவறாமல் உடன் போய்வந்திருக்கிறேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், எதிர்த்தரப்பு வராத வழக்கு எளிதான வழக்கு அன்று என்பது. மறுத்துப் பேச ஆள் இல்லாததால், மறுதரப்பு கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையும் நீதிபதியே கேட்கிறார். மனுவை யாரும் எதிர்க்காவிட்டாலும், சொல்லப்படும் காரணம் உண்மை என்று நீதிமன்றம் தானே மனநிறைவு அடைந்தால்தான் விவாகரத்து வழங்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மனுதாரர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: தீர்ப்புக்குப் பிறகு ஒரு நாள் அவர் வந்து நின்று, "எனக்கு எதுவுமே தெரியாது, என்னைத் தேடவே இல்லை" என்று சொன்னால், என் கையில் இருக்கும் காகிதங்கள் அதற்குப் பதில் சொல்லுமா?

எந்தக் காரணத்தின் கீழ் மனுச் செய்வது

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 13-ஆம் பிரிவில் இதற்குப் பொருந்தும் காரணங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, மனுத் தாக்கல் செய்யும் நாளுக்கு உடனடி முந்தைய இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து கைவிட்டிருத்தல். மற்றொன்று, உயிரோடு இருந்தால் இயல்பாகவே தகவல் அறிந்திருக்கக்கூடியவர்களுக்குக்கூட ஏழு ஆண்டுகளாக அவர் உயிரோடு இருப்பதாகத் தெரியாமல் இருத்தல். பெரும்பாலானோருக்குப் பொருந்துவது முதலாவதுதான்.

கைவிடுதல் என்பது வீட்டில் இல்லாமலிருப்பது மட்டும் அன்று. இல்லறத்தை நிரந்தரமாக முறித்துக்கொள்ளும் எண்ணத்தோடு அவர் பிரிந்து போயிருக்க வேண்டும், நீங்கள் அதற்குச் சம்மதித்திருக்கக் கூடாது, அவர் போவதற்கு நியாயமான காரணத்தையும் நீங்கள் உண்டாக்கியிருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1956-லேயே தெளிவாக்கியிருக்கிறது. வேலைக்காக வெளியூர் போய்த் தொடர்பு அறுந்தவரையும், மனநலம் குன்றி வழிதவறிப் போனவரையும் 'கைவிட்டார்' என்று எழுதிவிட முடியாது. துணிமணிகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போனாரா, போகும்போது என்ன சொன்னார், அதன்பின் செல்பேசி எண்ணை மாற்றிக்கொண்டாரா, வேலையிலிருந்து விலகினாரா என்பன போன்ற சிறு செய்திகள்தான் அந்த எண்ணத்தைக் காட்டும். இவற்றை நினைவு மங்குமுன், தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு ஆண்டுக் காரணத்தில் கவனிக்க வேண்டியது, உங்களுக்குத் தெரியாமலிருந்தால் மட்டும் போதாது என்பது. அவருடைய தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும்கூடத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் அவர் தம் அண்ணனோடு தொலைபேசியில் பேசியிருந்தால், அந்த ஏழு ஆண்டுக் கணக்கு அங்கேயே அறுந்துவிடுகிறது. அதனால் இந்தக் காரணத்தில் மாமியாரோ கொழுந்தனாரோ வந்து சொல்லும் சாட்சியத்துக்கு ஈடு வேறில்லை.

இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் மனுச் செய்தால் கைவிடுதல் காரணம் நிற்காது. ஆனால் போவதற்கு முன் அடி, உதை, அவமதிப்பு இருந்திருந்தால், திருமணமாகி ஓராண்டு கடந்ததும் கொடுமை என்ற காரணத்தில் மனுச் செய்யலாம். இருவரும் சேர்ந்து கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இங்கே இடமில்லை. அதற்கு இருவரும் வேண்டும்.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்கீழ் பதிவு செய்துகொண்டவர்களுக்கும், 2001-இல் திருத்தப்பட்ட விவாகரத்துச் சட்டத்தின்கீழ் வரும் கிறிஸ்தவர்களுக்கும் இதே இரண்டு ஆண்டு, ஏழு ஆண்டுக் கணக்குகள்தான். முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டம் தனி வழி தருகிறது. கணவர் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றால் மனுச் செய்யலாம்; இரண்டு ஆண்டுகளாக அவர் ஜீவனாம்சம் கொடுக்கவில்லை என்பதும் தனிக் காரணமாகும். நான்கு ஆண்டுக் காரணத்தில் கணவரின் வாரிசுகளையும், அவருக்குத் தந்தை வழிச் சிற்றப்பா, பெரியப்பா, சகோதரர் இருந்தால் அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும். தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதங்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவர் வந்து, மணவாழ்க்கைக் கடமைகளைச் செய்ய ஆயத்தமாக இருப்பதாக நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு நீக்கப்படும்.

மனுவுக்கு முன் ஒரு நிதானம்

ஏழு ஆண்டுகள் கடந்தவர்கள், அதிலும் பெண்கள், விவாகரத்துக் கேட்பதற்கு முன் ஒரு முறை நின்று யோசிக்க வேண்டும். ஏழு ஆண்டுகளாகத் தகவல் இல்லாதவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரிச் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் வழியும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 111-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. இரண்டு வழிகளும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. இறந்ததாக அறிவிக்கப்பட்டால் நீங்கள் அவருடைய விதவை; இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் முதல் வகுப்பு வாரிசு. விவாகரத்துப் பெற்றுவிட்டால் அந்த வாரிசுரிமை உங்களுக்கு இல்லை. கணவர் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ரயில்வே போன்ற இடங்களில் வேலை பார்த்தவர் என்றாலோ, காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் அவர் பெயரில் இருந்தாலோ, குடும்பச் சொத்தில் அவருக்குப் பங்கு இருந்தாலோ, இதை வழக்கறிஞரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட்டு அடுத்த அடியை வையுங்கள். மறுமணம் செய்துகொள்ளும் எண்ணத்தில் அவசரமாக விவாகரத்து வாங்கிப் பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண், தமக்கு உரிய பணத்தையும் இழந்து நிற்பதைப் பார்ப்பது வேதனையானது.

தேடியதற்கான சுவடு

வழக்கின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. நீதிமன்றம் சம்மனைச் செய்தித்தாளில் வெளியிட அனுமதிக்க வேண்டுமானால், அவரைச் சாதாரண வழியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நம்புவதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள்தான் மாதக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் காவல் நிலையம். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த பகுதிக்குரிய நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். புகாரின் சொற்களை யோசித்து எழுத வேண்டும். அவர் சண்டையிட்டுக்கொண்டு தாமாகப் போனார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையே எழுதுங்கள். புகாரில் 'வழக்கம்போல வேலைக்குப் போனவரைக் காணவில்லை' என்று எழுதிவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து மனுவில் 'என்னைக் கைவிட்டுப் போனார்' என்று எழுதினால், நீதிபதியின் கண் முதலில் அந்த முரணில்தான் விழும். சில நேரங்களில் காவலர்கள் அவரைக் கண்டுபிடித்து, அவர் வயதுக்கு வந்தவர், திரும்பி வர விருப்பமில்லை என்று எழுதிக்கொடுத்ததாகச் சொல்லிப் புகாரை முடித்துவிடுவார்கள். மனம் உடைந்துபோகும் கட்டம்தான்; ஆனாலும் அந்தக் காகிதத்தின் நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள், கைவிடும் எண்ணத்துக்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

அடுத்தது கடிதங்கள். அவருடைய கடைசி முகவரிக்கும், ஊரிலுள்ள பெற்றோர் வீட்டுக்கும், கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கும், திரும்பி வரும்படி ஒரு கடிதத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் ஒப்புகையோடு பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடிதம் சேராமல் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். என் உறவுக்காரப் பெண்ணுக்கு அப்படித் திரும்பி வந்த உறைகள் மூன்று. பழுப்பு உறையின் மேல் தபால்காரர் நீலப் பேனாவால் சாய்வாக எழுதியிருந்த ஒற்றைச் சொல், கையெழுத்து, தேதி முத்திரை, அவ்வளவுதான். நீதிபதி அந்த மூன்று உறைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரம், மனுவைப் படித்த நேரத்தைவிட அதிகம். அந்தக் குறிப்புகளுக்குள் வேறுபாடு உண்டு. 'வாங்க மறுத்தார்' என்று இருந்தால் அவர் அங்கே இருக்கிறார் என்று பொருள்; நீதிமன்றம் அனுப்பிய சம்மன் உறையில் அப்படி இருந்தால் சம்மன் சார்பாகிவிட்டதாகவே, அதாவது முறைப்படி அவரிடம் சேர்ந்துவிட்டதாகவே, எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'வெளியேறிவிட்டார்', 'அப்படி ஒருவர் இல்லை' என்பவைதான் மாற்று வழிச் சார்புக்கு, அதாவது செய்தித்தாள் போன்ற வேறு வழியில் சம்மனைச் சேர்ப்பிப்பதற்கு, உங்களைக் கொண்டு செல்லும். 'கதவு பூட்டியிருக்கிறது' என்பது இரண்டுக்கும் போதாது; மறுபடி அனுப்பத்தான் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிப் பதில் வராத செய்திகளும் பயன்படும். அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழைப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி இணைக்க வேண்டும். அந்தத் தொலைபேசியை விற்றுவிடாதீர்கள்.

தெரிந்த முகவரியை மறைக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். "ஊரில் அம்மா வீட்டில்தான் இருக்கிறான், ஆனால் அங்கே சம்மன் போனால் வந்து தகராறு செய்வான், பழைய முகவரியையே போட்டுவிடலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அச்சம் புரிகிறது. ஆனால் அப்படி வாங்கிய தீர்ப்பு மோசடியால் பெற்றதாகும். எத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை உடைக்கலாம். தகராறுக்கு அஞ்சினால் காவல்துறைப் பாதுகாப்பையும் குடும்ப வன்முறைச் சட்டத்தையும் நாடுங்கள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், முகவரியும் தெரியும் என்றால், அவர் காணாமற்போனவர் அல்லர். அந்த நாட்டுக்குச் சம்மன் அனுப்பும் முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

பெங்களூருவில் மனுச் செய்ய முடியுமா

திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனுச் செய்யலாம் என்பது இந்து திருமணச் சட்டத்தின் பொது விதி. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மனுதாரர் மனைவியாக இருந்தால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். ஆகவே வேலூரில் மணம் முடித்து, ஆம்பூரில் வாழ்ந்து, கணவர் போனபின் அண்ணன் வீட்டோடு பெங்களூருவில் தங்கிவிட்ட பெண்ணுக்கு இங்கேயே வழி உண்டு. அதே நிலையிலுள்ள ஆணுக்கு இல்லை. மனைவி வெளிநாட்டில் இருந்தாலோ, ஏழு ஆண்டுகளாக அவர் உயிரோடு இருக்கும் தகவலே இல்லாமலிருந்தாலோதான் கணவர் தாம் வசிக்கும் ஊரில் மனுச் செய்ய முடியும். இல்லையேல் வேலூருக்கோ ஆம்பூருக்குரிய நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். ஓசூரில் வீடும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலையும் உள்ளவர்களுக்கு, வேலை பார்க்கும் இடம் வசிக்கும் இடமாகாது.

மனுவோடு திருமணப் பதிவுச் சான்று அல்லது அழைப்பிதழும் தாலி கட்டும் படமும், இருவரின் அடையாள ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் வசிப்பிடச் சான்று, தேடல் ஆவணங்கள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். நீதிமன்றத்தின் மொழி கன்னடமும் ஆங்கிலமும் என்பதால், தமிழ் அழைப்பிதழையும் கடிதங்களையும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அவர்களை உங்களிடமே வைத்து வளர்க்கும் பாதுகாப்புரிமையையும் இதே மனுவில் கேளுங்கள். ஜீவனாம்சம் இப்போது கேட்டு என்ன பயன் என்று தோன்றினாலும், 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று எழுதிக்கொடுக்காதீர்கள். நிரந்தர ஜீவனாம்சத்தைத் தீர்ப்புக்குப் பின்னரும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்கள் தயங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாநில ஆணையத்தின் அலுவலகம் அதே நியாய தேகுலா வளாகத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சம்மனிலிருந்து சாட்சிக் கூண்டு வரை

மனு எம்.சி. எண் (மண வழக்கு எண்) பெற்றதும், வழக்கை இணையத்தில் தேட உதவும் பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டால், அடுத்த வாய்தாவை இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதல் சம்மன் அஞ்சலிலும், அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்றப் பணியாளரான அமீனா வழியாகவும் போகும். அமீனா போகும் நாளை அறிந்து, வீட்டை அடையாளம் காட்ட உங்கள் தரப்பில் ஒருவர் உடன் போவது நல்லது. அவர் கதவில் சம்மனை ஒட்டினால், வீட்டைக் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். அந்தப் பெயர்களும் முகவரிகளும் விடுபட்டால் சம்மன் மறுபடியும் போகும், நான்கு மாதம் வீணாகும்.

அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால்தான், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை 20-ஆம் விதியின்படி மாற்று வழிச் சார்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேடலின் ஒவ்வொரு படியையும் தேதியோடு சொல்லும் பிரமாணப் பத்திரத்தை அதனுடன் இணைக்க வேண்டும். நீதிமன்ற அறிவிப்புப் பலகையிலும் கடைசி வீட்டிலும் ஒட்டவோ, செய்தித்தாளில் வெளியிடவோ நீதிபதி உத்தரவிடலாம்; சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர் கடைசியாக வசித்த வட்டாரத்தில் விற்பனையாகும் நாளிதழாக அது இருக்க வேண்டும் என்பது விதி. கடைசி முகவரி தருமபுரிப் பக்கம் என்றால் அங்குள்ள தமிழ் நாளிதழ்ப் பதிப்பையும், சிவாஜி நகர் என்றால் இங்கு விற்பனையாகும் கன்னட இதழையோ தினத்தந்தியின் பெங்களூருப் பதிப்பையோ கேட்கலாம். யாரும் வாங்காத மலிவான இதழில் போட்டுச் செலவைக் குறைப்பது பின்னால் உங்களையே சுடும். வெளியான தாளை அறிவிப்பை மட்டும் வெட்டாமல், தேதி தெரியும்படி முழுப் பக்கமாகத் தாக்கல் செய்யுங்கள்.

குறித்த நாளில் நீதிமன்றப் பணியாளர் அவர் பெயரை வாசலில் உரக்கக் கூப்பிடுவார். பதில் இல்லாவிட்டால் எதிர்மனுதாரர் ஒருதலைப்பட்சமாக வைக்கப்படுவார்; அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடக்கும். அந்தக் கூப்பிடும் குரலைக் கேட்கும்போது பல பெண்கள் தங்களை அறியாமலே வாசலைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். உடன் யாராவது இருப்பது நல்லது.

அதன்பின் உங்கள் சாட்சியம். முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவே இருக்கும். கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்து, ஆவணங்களைச் சான்றாவணங்களாக எண்ணிட்டுக் குறியிடச் செய்ய வேண்டும். உங்கள் ஒருவர் சொல்லோடு நிறுத்தாமல், பக்கத்து வீட்டுக்காரர், பழைய வீட்டின் உரிமையாளர், அவருடைய உறவினர் என இன்னும் ஒருவரையாவது அழைத்து வாருங்கள். எப்போது போனார், கடைசியாக எப்போது பேசினார் என்ற இரண்டு தேதிகளில் புகார், மனு, சாட்சியம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று முந்தின நாள் இரவே சரிபார்த்துவிடுங்கள். தமிழில்தான் தெளிவாகப் பேச முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது, புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதைவிட மேல்.

தீர்ப்புக்குப் பிறகு

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்க எதிர்மனுதாரருக்கு 30 நாள் உண்டு. அந்த 30 நாள் தீர்ப்புத் தேதியிலிருந்துதான் தொடங்கும் என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். காலவரையறைச் சட்டம், 1963-இன் 123-ஆம் கூறு, இந்தக் கணக்குக்கு மாற்று வழிச் சார்பை முறையான சார்பாகக் கருதுவதில்லை. ஆகவே செய்தித்தாள் வழியாகச் சம்மன் சார்பான வழக்கில், தீர்ப்பைப் பற்றி அவர் அறிந்த நாளிலிருந்துதான் 30 நாள் ஓடும். டெல்லியில் 1989-இல் வழங்கப்பட்ட ஒருதலைப்பட்ச விவாகரத்தை எதிர்த்து மனைவி 1993-இல் விண்ணப்பிக்க, அது உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011-இல்தான் முடிந்தது. அங்கே தீர்ப்பு நிலைத்தது. சம்மன் சார்பில் வெறும் குறைபாடு இருந்தது என்பதற்காக மட்டும் தீர்ப்பை நீக்கக் கூடாது, விசாரணை நாள் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும் என்ற விதியும் உங்களுக்குத் துணை. அந்த நாளில் உங்களுக்காகப் பேசப்போவது திரும்பி வந்த உறைகளும் நாளிதழ்ப் பக்கமும்தான். வழக்கு முடிந்துவிட்டது என்று அவற்றின் நகல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மறுமணத்துக்கு மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாளும், இந்து திருமணச் சட்டம் 90 நாளும் சொல்வதால், 90 நாள் முழுமையாகக் கடக்கும்வரை பொறுப்பதே பாதுகாப்பு. தீர்ப்பின் சான்றிட்ட நகல்களை ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வையுங்கள்; ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, பாஸ்போர்ட் என்று ஒவ்வோர் இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.